கதவோரம் கடகடத்த சீட் பெல்ட் போல்ட்

திருப்பூர்க்காரன்:
அவிநாசி சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் என் காரின் ஓட்டுநர் பக்கத்திலிருந்து ‘டக்’ என்றொரு ஓசை வந்துகொண்டிருந்தது. கதவு என்று நினைத்துக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்பீக்கர் என்று நினைத்து அதையும் கழற்றி மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கைக்கு அடியில் உருண்டுபோன பேனாவைத் தேடியபோதுதான், பெல்ட்டின் கீழ்முனையைத் தரையோரம் பிடித்திருக்கும் போல்ட் என் இரண்டு விரல்களுக்கே சுழன்று கொடுத்தது. அந்த நொடியை இன்னும் மறக்க முடியவில்லை. அதே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முந்தைய வாரம்தான் பெங்களூருக்குப் போய் வந்திருந்தேன்.

போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரைக்கு லேமினேஷன் மேட் போட்ட கடையில் இருக்கைகளையும் பெல்ட்டுகளையும் கழற்றியவர்கள், மேட்டை வெட்டி வழிவிடாமல் அதன் மேலேயே பெல்ட் முனையிலுள்ள இரும்புத் தகட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். இரும்போடு இரும்பு அழுந்தி நிற்க வேண்டிய இடத்தில் நடுவில் ரப்பர் சிக்கிக்கொண்டது. அது நாளுக்கு நாள் அமுங்க, போல்ட்டின் பிடிப்பும் தளர்ந்துவிட்டது. மேட்டில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் போல்ட் வாங்கிப் பூட்டினேன். இப்போது தகட்டைக் கையால் அசைத்தால் சற்றும் அசையாமல் கல்லைப் போல நிற்கிறது.

பட்டறைக்காரன்:
திருப்பூர் நண்பர் காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் ‘கல்லைப் போல நிற்கிறது’ என்று கடைசியில் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது. பல வண்டிகளில் அந்த போல்ட்டின் தலைக்குக் கீழே மரையில்லாத தடித்த கழுத்து ஒன்று உண்டு. கழுத்து வண்டியின் உடலோடு இறுகி நிற்கும். பெல்ட்டின் தகடோ அந்தக் கழுத்தைச் சுற்றித் தாராளமாகத் திரும்ப வேண்டும். ஆகவே போல்ட் ஆடினால்தான் பழுது. தகடு திரும்புவது பழுதன்று.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், தகடு ஆடுவதைப் பொறுக்காமல் தாமே மூன்று வாஷர்களைச் சேர்த்து அதை அசையவிடாமல் முடுக்கியிருந்தார். பெல்ட் இடுப்பில் படுக்கையாகப் படியாமல் கயிறு போல முறுக்கிக்கொண்டு, ஓரத்திலே நூல் பிரிந்து, பஞ்சு போல எழும்பி நின்றது. “இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே தம்பி?” என்று அவர் கேட்டார். பெல்ட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நண்பர் தம்முடைய போல்ட்டுக்குக் கழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

சேலம் வாசகர்:
என் கதை சிறியது. தொலைந்துபோன பெல்ட் போல்ட்டுக்கு மாற்றாக, எடை போட்டு விற்கும் இரும்புக் கடைக்குப் போனேன். 10 மில்லிமீட்டர் போல்ட் மரையைப் பிடிக்காமல் தளர்வாக உள்ளே போனது. 12 மில்லிமீட்டர் போல்ட் வாயிலேயே நின்றுவிட்டது. கடைப் பையன் மரை வெட்டும் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “புது மரை போட்டுவிடலாம் சார், ஐந்து நிமிட வேலை” என்றான். நான் தலையாட்டவும் இருந்தேன்.

இதைப் படிப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான கார்களில் பெல்ட் போல்ட்டின் அளவு மில்லிமீட்டர் கணக்கில் வராது. அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பெல்ட் பூட்டும் இடங்களுக்காக ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 14-இலும் இதே மரைதான் குறிக்கப்பட்டிருக்கிறது. அது சொல்லும் சோதனையில் சாதாரணக் காரின் மும்முனைப் பெல்ட்டின் தோள்பகுதியையும் இடுப்புப்பகுதியையும் தலா 13.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,375 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்துப் பார்ப்பார்கள். எடைக்கு விற்கும் போல்ட்டை அந்த இடத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். உதிரிபாகக் கடையில் உங்கள் வண்டிக்குரிய போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். தலை நட்சத்திரக் குழியாக இருந்தால் பெரும்பாலும் டி50 டார்க்ஸ் பிட் தேவைப்படும். பிட்டைச் சுத்தியலால் தட்டி முழுதாக உட்காரவைத்த பிறகே திருப்ப வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். ஸ்பேனரை எடுத்த பிறகு மரை மாறி ஏறினால் கைக்குத் தெரியாது. பல வண்டிகளுக்கு இறுக்கும் முறுக்குவிசை 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. பெல்ட்டை விபத்தின்போது இழுத்துப் பிடிக்கும் வெடிக்கருவி உள்ள வண்டியானால், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்த பிறகே அந்தக் கருவியின் மஞ்சள் கனெக்டரைத் தொடுங்கள். அபராதம் 1,000 ரூபாய் என்பதற்காகப் பெல்ட் போடுகிறவர்கள், அது எதில் மாட்டியிருக்கிறது என்பதைப் பார்ப்பதேயில்லை.

நாகைக் கடற்கரை:
சேலம் நண்பர் சொல்வதெல்லாம் நட்டு நல்ல நிலையில் இருந்தால்தான். உப்புக்காற்றில் எட்டு ஆண்டுகள் நின்ற என் வண்டியில் போல்ட் இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப அது சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டியின் அடித்தகட்டின் மறுபுறம் வெல்டிங் செய்திருந்த நட்டு, துருவேறிய தகட்டிலிருந்து விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து சுழன்றது. டிங்கரிங் கடைக்காரர் துருவைச் சுரண்டியபோது தகடு அப்பளம் போல உடைந்து கையோடு வந்தது. தகட்டை அகலமாக வெட்டிப் புது இரும்பு வைக்க வேண்டும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். நான் செலவுக்கு அஞ்சி, இருந்த தகட்டிலேயே ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன்.

அதற்குப் பின் ஓராண்டு ஓட்டிவிட்டு வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் எஞ்சினைக் கேட்டார், டயரைக் கேட்டார், ஏசியைப் போட்டுப் பார்த்தார். பெல்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு அவருடைய மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

திருப்பூர்க்காரன்:
பட்டறைக்காரர் சொன்னது சரி. மீண்டும் கழற்றிப் பார்த்தேன். என் போல்ட்டுக்குக் கழுத்து உண்டு, அதில் இருந்த வளைந்த வாஷரைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். திருத்தியதும் தகடு திரும்புகிறது. கையோடு இடப்பக்கத்தையும் கழற்றினேன். அங்கேயும் தகட்டுக்கு அடியில் மேட் சிக்கியிருந்தது. அந்த போல்ட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அது என் மனைவி உட்காரும் இடம்.