மேக்ரோ படம்: 'அண்மை' போதாது, 'மெய்யளவு' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

சின்னப் பொருள்களைப் பெரிதாகக் காட்டும் 'மேக்ரோ' படத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பருப்படம், நுண்படம், அண்மைப்படம். முதலாவதைக் கழித்துவிடலாம். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். முகப்பருவைப் படம் எடுப்பதா என்று மகள் கேட்டாள்.

நுண்படம் நல்ல சொல்தான். ஆனால் நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படத்துக்கு அது வேண்டும். ஆங்கிலப் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. கேனான் 'மேக்ரோ' என்கிறது, அதே வேலையைச் செய்யும் லென்ஸை நிக்கான் 'மைக்ரோ' என்கிறது. 1956இல் வந்த நிக்கானின் முதல் மைக்ரோ-நிக்கோர் லென்ஸ், ஆவணங்களை நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிம்) பதிவதற்காக உருவானது; அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனவே சொல்லைப் பெயர்க்காமல் செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

பலருக்கும் பிடித்திருப்பது அண்மைப்படம். எனக்கு அதில்தான் தயக்கம். 200 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் இருந்தால் தும்பியை அரை மீட்டர் தொலைவிலிருந்தே மேக்ரோவாக எடுக்கலாம். கிட்டே போனால் அது பறந்துவிடும் என்பதால்தானே அந்த லென்ஸையே வாங்குகிறோம்! கைப்பேசியோ பொருளுக்கு இரண்டு சென்டிமீட்டர் வரை போனாலும் மேக்ரோ அளவை எட்டுவதில்லை. அண்மை ஒரு வழி, அவ்வளவுதான்.

அப்படியானால் எது அடையாளம்? 1:1. பொருள் எவ்வளவு பெரிதோ, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் விழும் பிம்பமும் அவ்வளவு பெரிது. முழுச்சட்ட கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம்; அதில் 36 மி.மீ. அகலப் பொருள் படத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே என் பரிந்துரை: மெய்யளவுப் படம்.

போன வாரம் அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டின் கரையை இப்படி எடுத்தேன். வெறும் கண்ணுக்கு ஒரே பொன்பட்டையாகத் தெரிந்தது, படத்தில் தனித்தனி இழைகளாகப் பிரிந்து நின்றது. பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன்முலாம். தேய்ந்த ஓரிடத்தில் உள்ளேயிருந்த சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்தது. வாசலில் கோலமாவைச் சுமந்துபோன எறும்பையும் விடவில்லை. எறும்பின் கண் துல்லியமாக வந்தால் மாவுத் துகள் மங்கிவிடுகிறது. 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்தாலும் புல ஆழம், அதாவது துல்லியமாகத் தெரியும் பகுதியின் ஆழம், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது.

'படத்தைச் சுவரளவுக்கு அச்சிட்டால் அது எப்படி மெய்யளவு?' என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அளவு சென்சாரில் எடுக்கப்படுவது, அச்சில் அல்ல. வரையறையில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு: 1:2 என்றால் அரை மெய்யளவு, 2:1 என்றால் இருமடங்கு மெய்யளவு. அண்மையை இப்படிக் கணக்கிட முடியுமா? அரை அண்மை என்றால் சிரிப்பார்கள்.

அண்மைப்படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குளோசப்புக்கு அதுவே பொருத்தம்: மூக்குத்தி தெரிய எடுத்த முகம், குத்துவிளக்கின் அன்னம், கதவுக் குமிழ் எல்லாம் அதில் அடங்கும்.

அப்புறம் ஒரு சின்ன ஐயம். குவியத்தை மெல்ல நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதைக் 'குவிய அடுக்கு' என்று எழுதிவருகிறேன். 'அடுக்கல்' என்பது சரியா, 'அடுக்கு' போதுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.