மறுமொழி: மலேரியா கிட் நோட்டீஸ் – "ஃபால்ஸ் நெகட்டிவ்"க்குத் தமிழ்ல என்ன போடுறது?

> யாங்கோன் தம்பி எழுதுனது: "பொய் எதிர்மறை"ன்னே போட்டுடலாம், ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்கு?
> பெகு ஐயா எழுதுனது: "பொய்" கொஞ்சம் கடுமையா இருக்கு, "போலி எதிர்மறை" பொருத்தமா வரும்.

எல்லாருக்கும் வணக்கம். ரத்தத்துல மலேரியாக் கிருமி இருந்தும் டெஸ்ட் கிட்ல இல்லைன்னு வர்றதுதான் ஃபால்ஸ் நெகட்டிவ், அதுக்கு நீங்க சொன்ன ரெண்டுமே இந்த நோட்டீசுக்கு ஆகாதுங்க.

தம்பி, யாரு படிக்கப்போறாங்கன்னு முதல்ல பாக்கணும். 1960கள்ல இங்க பர்மாவுல பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கப்புறம் நம்ம தமிழ் ஆளுங்க பலபேருக்குத் தமிழ் பேச்சுல மட்டும்தான் நிக்குது, எழுத்து கோயில்ல சொல்லிக்கொடுத்த அளவுதான். ஒருத்தர் வாசிப்பாங்க, சுத்தி உக்காந்தவங்க காதால கேப்பாங்க. காதுல விழுந்ததும் புரியாத சொல்லு அகராதில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. கிராமத்துல கிட் வச்சு டெஸ்ட் பண்ற வாலண்டியர் நம்ம பக்கத்துவீட்டுப் பொண்ணாத்தான் இருக்கும், அது போன வாரம் பாத்துச் சொன்னது "பொய்"ன்னு நோட்டீசே சொல்லிட்டா அந்தப் பொண்ணு பொய் சொல்லிடுச்சுன்னுதான் ஊர்ல பேசுவாங்க.

பெகு ஐயா மன்னிக்கணும், "போலி"ல வேற வில்லங்கம் இருக்கு. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மாத்திரைல போலி வித்துச்சு, டப்பா அச்சு அசலா இருக்கும், உள்ள மருந்தே இருக்காது. அதைக் கேள்விப்பட்ட பெரியவங்ககிட்டப் போய் "போலி எதிர்மறை"ன்னா கிட்டே டூப்ளிகேட்டுன்னு தூக்கிப் போட்டுட்டு, ஸேகான் (கிளினிக்) பக்கமே போகாம கடைல மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பாங்க.

"எதிர்மறை"யும் எனக்குப் பிடிக்கலை. இலக்கணத்துல சரி, ஆனா காய்ச்சக்காரங்களுக்கு அது ஏதோ கெட்ட சேதி மாதிரி கேக்குது, வந்திருக்கிறது நல்ல சேதின்னு விளங்கவே நேரமாகுது.

டெஸ்ட்டு நிஜமா என்ன செய்யுதுன்னு பாத்துட்டுப் பேர் வைப்போம். விரல் நுனில 5 மைக்ரோலிட்டர் ரத்தம், அதுக்கப்புறம் கிட்டோட வர்ற பஃபர் திரவம் சொட்டு, கிட்டைப் பொறுத்து 15, 20 நிமிஷம் காத்திருந்து மலேரியாக் கோடு வருதான்னு பாக்கிறோம். அது கிருமியைப் பாக்கலை, கிருமி விடுற புரதத்தைத்தான் பிடிக்குது. மலேரியாக் கிருமில ஃபால்சிபாரம் வகைன்னா எச்ஆர்பி2ங்கிற புரதம், வைவாக்ஸ் வகைன்னா எல்டிஎச். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல கிருமி 200க்கு மேல இருந்தா நல்ல கிட் பெரும்பாலும் பிடிச்சிடும், அதுக்குக் கீழ போகப்போக விட்டுடும். ரப்பர் தோட்டத்துல ராத்திரி தலைல லைட்டு கட்டிக்கிட்டுப் பால் வெட்டுறவங்க, காட்டுக்குள்ள மூங்கில் வெட்டப் போறவங்க, இவங்கள்ல சிலருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து உடம்பு பழகிப்போயிருக்கும், கிருமி கொஞ்சமா இருந்துக்கிட்டே இருக்கும், கோடு வராது. இதுல யாரும் பொய்யும் சொல்லலை, எதுவும் போலியும் இல்லை, டெஸ்ட்டு தவறவிட்டுடுச்சு, அவ்வளவுதான். "பஸ்ஸைத் தவறவிட்டுட்டேன்"னு சொல்ற அதே சொல்லு.

அதனால என் பரிந்துரை: ஃபால்ஸ் நெகட்டிவ் = தவறவிடல். பேச்சுல "இந்த டெஸ்ட்டு தவறவிட்டிருக்கலாம், காய்ச்சல் விடலைன்னா திரும்ப வாங்க". வெறும் நெகட்டிவுக்கு "மலேரியா இல்லை"ன்னு எழுதாம "கோடு வரலை"ன்னு மட்டும் எழுதணும். இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "இல்லை"ன்னு ஒரு தடவை சொல்லிட்டா மறுபடி அந்த ஆளை டெஸ்ட்டுக்குக் கூப்பிடவே முடியாது, "அதான் ஙெப்பியா (மலேரியா) இல்லைன்னு த்வேசிட் (ரத்த டெஸ்ட்டு) பண்ணிச் சொன்னீங்களே"ம்பாங்க.

— மோல்மேன்

~~~

> அப்ப ஃபால்ஸ் பாசிட்டிவுக்கு என்ன? அதுக்கும் "தவறு" வச்சு ஏதாவது பண்ணலாமா?

பண்ண வேணாம் தம்பி, குழம்பிடும். லேப்ல ஸ்லைடு பாத்த அனுபவத்துல சொல்றேன், கிருமி இல்லாமலே கோடு வர்றதையெல்லாம் ஃபால்ஸ் பாசிட்டிவ்னு ஒண்ணாப் போட்டாலும் அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, பஃபர் தீந்துபோச்சுன்னு தண்ணி ஊத்துறது, வேற கம்பெனி பஃபரை மாத்தி விடுறது, ரொம்ப நேரம் கழிச்சுப் பாக்கிறது, அப்பல்லாம் ஒண்ணுமில்லாததுக்கும் கோடு வரும். இன்னொண்ணுதான் இங்க தலைவலி: மருந்து தின்னு கிருமியெல்லாம் செத்துப்போயிருக்கும், ஆனா எச்ஆர்பி2 ரத்தத்துல வாரக்கணக்குல, சிலருக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் கிடக்கும், கோடு வந்துக்கிட்டே இருக்கும். உடனே மறுபடி ஒரு கோர்ஸ் மாத்திரை. எல்டிஎச் கோடு அப்படி நிக்காது, கிருமி செத்தா சீக்கிரம் மறைஞ்சிடும்.

முதலாவது வீண்கோடு. ரெண்டாவது பழங்கோடு. ரெண்டாவதைப் பொய்னு சொல்லவே கூடாது, நோய் வந்தது நிஜம், பழைய கணக்கு.

தவறவிடலுக்கு என் ஓட்டு உண்டு, ஆனா காரணம் இன்னும் இருக்கு, சேத்துக்குங்க. தகரக் கூரைக்கு அடியில கிட்டை வச்சிருந்தா சூட்டுல கெட்டுடும், சில கிட் 30 டிகிரி வரைக்கும்தான், சிலது 40. பையைப் பிரிச்சு வச்சா ஈரம் ஏறிடும், மழைக்காலத்துல கேக்கவே வேணாம். ரத்தம் எக்கச்சக்கமா கிருமியோட இருந்தாலும் சில சமயம் எச்ஆர்பி2 கோடு மங்கிடும், அபூர்வம்தான், ஆனா ஆளு ரொம்ப மோசமா கிடக்கிற நேரத்துல வர்ற கோளாறு. அப்புறம் அந்த புரதத்தோட ஜீனே இல்லாத ஃபால்சிபாரம், பெருவுல முதல்ல கண்டுபிடிச்சு 2010ல வெளியிட்டாங்க, எரித்ரியாவுல பெரிய பிரச்சினையாச்சு. அந்த மாதிரி தவறவிடல் ஒரு ஊர்ல 5 சதவீதத்தைத் தாண்டிட்டா வேற வகை கிட்டுக்கு மாறணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நோட்டீசுக்கு இது வேணாம், வாலண்டியர் பயிற்சிக்கு வச்சுக்கலாம்.

— லேப் அக்கா, பா-ஆன்

~~~

> பழங்கோடுன்னா பழத்துல போட்ட கோடுன்னு நெனைக்க மாட்டாங்களா? :)

பழங்கஞ்சியைப் பழத்துல காய்ச்சுனதுன்னு யாரும் நெனைச்சதில்லையே ஐயா. பழங்கோடு எடுத்துக்கலாம், வீண்கோடும் சரி. அக்காவுக்கு நன்றி.

ஒரே ஒரு இடத்துல சொல்லை அடக்கி வைக்கணும். வைவாக்ஸ் ஈரல்ல தூங்கிக்கிட்டு இருக்கும், ரத்தத்துல ஒண்ணுமே இருக்காது, கிட் மட்டுமில்ல மைக்ராஸ்கோப்பும் பாக்க முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு காய்ச்சல் வந்ததும் "அன்னைக்கு டெஸ்ட்டு தவறவிட்டுடுச்சு"ம்பாங்க, அது சரியில்லை, ரத்தத்துல இல்லாததை ரத்த டெஸ்ட்டு எப்படித் தவறவிடும். இதுக்கு உறங்கு கிருமின்னு தனியா வைப்போம், ஈரல்ல தூங்குற கிருமியைக் கொல்ற பிரைமாகுயின் மாத்திரையை நடுவுல நிறுத்தாம முழுசாத் தின்னணும்னு அந்த இடத்துலயே சொல்லிடலாம். ரத்தத்துல ஜி6பிடிங்கிற நொதி போதுமா இருக்கான்னு டெஸ்ட் பாத்துட்டுத்தான் அந்த மாத்திரைன்னும் அதோட ஒரு வரி, அது குறைவா இருக்கிற சிலருக்கு ரத்தச் சிவப்பணு உடைஞ்சிடும்.

மலேரியாக் கோடு தவிர கிட்ல எப்பவும் வரவேண்டிய சி (கண்ட்ரோல்) கோடு பத்தியும் ஒரு வார்த்தை. அதை "சரிபார்ப்புக் கோடு"ன்னு யாரோ போட்டிருக்கீங்க. அது வந்தா டெஸ்ட்டு முழுக்க சரின்னு எடுத்துக்குவாங்க, ஆனா ரத்தமே விடாம பஃபர் மட்டும் விட்டாலும் சி கோடு வரும். "ஓட்டக்கோடு"ன்னு வைங்க, திரவம் ஓடிச்சுங்கிறதுக்கு மேல அது எதுக்கும் சாட்சி இல்லை. அது வராட்டி "செல்லாத டெஸ்ட்டு", செல்லாத நோட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு.

இப்ப நோட்டீஸ்ல வர்ற வரி இதுதான், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

"கோடு வரலைன்னா டெஸ்ட்டு தவறவிட்டிருக்கவும் கூடும். காய்ச்சல் நிக்கலைன்னா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ திரும்ப வந்து பாருங்க, நெனைவு தடுமாறுனா, வலிப்பு வந்தா, மூச்சு வாங்குனா காத்திருக்காம ஆஸ்பத்திரி போங்க. கோடு எவ்வளவு மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான். போன மாசம் மலேரியாவுக்கு மருந்து தின்னிருந்தா அதை முதல்லயே சொல்லுங்க, இது பழங்கோடா இருக்கலாம்."

பெகு ஐயா, உங்க வீட்டுல அம்மா இருக்காங்கல்ல, அவங்களை உக்கார வச்சு இதைச் சத்தமா ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க, எங்க முகத்தைச் சுளிக்கிறாங்களோ அந்த இடத்தை எழுதி அனுப்புங்க.

— மோல்மேன்