போக்கர்: ஹார்ட்டின் வராத ரிவரில் ப்ளஃப் அடிக்கிறதா, விட்டுடறதா?

கேத்திக் கேரட்:
நம்ம ஊட்டி–கொடை சனிக்கிழமை ஆன்லைன் போக்கர் மேசைக் கணக்குலயே கேக்குறேன். 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கு அப்புறம் பணம் கட்டி ஆன்லைன்ல ஆட வழியில்ல. இது இலவச சிப்ஸ், புள்ளிப் பட்டியல் மட்டும்தான். ஆறு பேர், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்னாடியே ரெண்டு பேர் கட்டுறது) 50/100, ஆளுக்கு 10,000 சிப்ஸ்.

பட்டன்ல (கடைசியா ஆடுற இடம்) நம்ம கையில ஹார்ட்டின் ஜாக், ஹார்ட்டின் பத்து. 250-க்கு ஏத்தியாச்சு, பிக் பிளைண்ட் (100 கட்டினவர்) மட்டும் கால், அதாவது ஈடு கட்டினார். பாட் (நடுவுல சேர்ந்த சிப்ஸ்) 550. ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) ஹார்ட்டின் கிங், ஹார்ட்டின் 9, கிளாவர் 4. நாம 350, அவர் கால். டர்ன் (நாலாவது சீட்டு) ஸ்பேடு 2. நாம 850, அவர் கால். ரிவர் (கடைசிச் சீட்டு) டைமண்ட் 7, அவர் செக் (எதுவும் கட்டாம விட்டார்). பாட்ல 2,950 கிடக்குது. ஹார்ட்டினும் வரல, ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையா அஞ்சு சீட்டு) வேண்டிய குயினும் வரல. கை சேராமலே 2,000 அடிச்சு அவரை மடக்க வைக்கலாமா (ப்ளஃப்)?

பூம்பாறைப் பூண்டு:
அடிங்க. 2,000 போட்டா அவர் நூத்துக்கு 40.4 தடவை மடக்கினாலே கைநட்டம் இல்ல (2,000-ஐ 4,950-ஆல வகுத்துப் பாருங்க). ஜாக்கும் பத்தும் உங்க கையில இருக்கு. அதனால அவர்கிட்ட கிங்-ஜாக் 12 காம்போ (சீட்டுச் சேர்க்கை) இருக்க வேண்டியது 9 ஆயிடுது, கிங்-பத்தும் அப்படியே. கால் பண்ற கையில 6 குறைஞ்சுடுச்சு. ஃப்ளாப்லயும் டர்ன்லயும் அடிச்ச கை ரிவர்லயும் அடிச்சா ஏஸ்-கிங் மாதிரியேதான் தெரியும்.

கோத்தகிரிக் குறிஞ்சி:
அண்ணா, கால் பண்ற கையை மட்டும் எண்ணிட்டீங்க. மடக்குற கையையும் எண்ணணும்ல? அவர்கிட்ட தவறிப்போன ஹார்ட்டின்தான் நமக்குச் சுலபமா மடங்குற கை. அந்த ரெண்டு ஹார்ட்டினை நாமளே பிடிச்சு வச்சிருக்கோம்.

முழுசா எண்ணிடறேன். ஏஸ்-கிங், ஏஸ்-குயின் முதல்லயே திருப்பி ஏத்தியிருக்கும், விட்டுடுவோம். 7, 4, 2 சேர்ந்து சின்ன ஜோடி ஆன ஹார்ட்டினையும் தள்ளி வைக்கிறேன்.

கால் பண்றது: கிங்-குயின் 12, கிங்-ஜாக் 9, கிங்-பத்து 9. ஒரே பூவுல கிங்-8, கிங்-6, கிங்-5 சேர்ந்து 9. கிங்-9 ஒரே பூவுல 3, கையில 4-4 வச்சிருந்தா 3, 2-2 வச்சிருந்தா 3. மொத்தம் 48.

மடக்குறது: ஒரே பூவுல ஏஸ்-9, குயின்-9, ஜாக்-9, பத்து-9, 9-8 சேர்ந்து 15. கையில பத்து-பத்து 3, எட்டு-எட்டு 6. ஒண்ணும் சேராத ஹார்ட்டின் 12. மொத்தம் 36.

84-ல 36, அதாவது 42.9 சதவீதம். ப்ளஃப்போட சராசரி லாபம் 121 சிப்ஸ். செக் பண்ணினாலும் நம்ம ஜாக் உச்சம் 8-6, 8-5, 6-5, 5-3 ஹார்ட்டினை ஜெயிக்குது. 84-ல 4, அதுக்கு 140 சிப்ஸ். சும்மா செக் பண்றதே மேல். இதுல ஏஸ்-9 வச்சிருக்கிறவர் மனசு மாறி கால் பண்ணினா 3 காம்போ அந்தப் பக்கம் போகும், 39.3 சதவீதம், நேரா நட்டம்.

பூம்பாறைப் பூண்டு:
எண்ணிக்கை சரிம்மா, ஒத்துக்கிறேன். அப்போ எந்த ஜாக்-பத்தும் அடிக்கக் கூடாதா?

கோத்தகிரிக் குறிஞ்சி:
ஸ்பேடு ஜாக்-பத்தா இருந்தா அடிப்பேன். அதுவும் குயினுக்குக் காத்திருந்து தவறின கைதான், ஆனா ஹார்ட்டின் எல்லாம் எதிராளிக்கே மிச்சம் இருக்கு. ஒண்ணும் சேராத ஹார்ட்டின் 12-லிருந்து 19 ஆகுது. நம்ம ஸ்பேடால ஜாக்-9, பத்து-9-ல ஒவ்வொண்ணு குறையும். 89-ல 41 மடங்கும், 46 சதவீதம். ப்ளஃப் 280, செக் 215. அதே ஜாக், அதே பத்து, பூ மட்டும்தான் வேற.

லவ்டேல் ரயில்:
டர்ன்ல அவர் சட்டுனு கால் பண்ணினாரா? அப்படின்னா டிரா (இன்னொரு சீட்டுக்குக் காத்திருக்கிற கை), இல்லைன்னா நடுத்தர ஜோடி. வலுவான கைன்னா ஏத்தலாமான்னு ரெண்டு நொடியாவது யோசிப்பாங்க.

கூடலூர் மழை:
வேகமான காலை வேணும்னா கணக்குல எடுங்க, தாமதத்தை எடுக்காதீங்க. ஆடியில எங்க பக்கமும் ஐப்பசியில கோத்தகிரிப் பக்கமும் மழை பிடிச்சா நெட் லைன் இழுக்கும். நேரம் காட்டுற பச்சைப் பட்டை தேய்ஞ்சு சிவப்பாகி, கடைசி நொடியில கால் விழும். அது யோசனையா சிக்னலான்னு யாருக்குத் தெரியும்? லைன் இழுத்து கால் தாமதமாகலாம். இழுத்ததால யாரும் வேகமா கால் பண்ண முடியாது.

பூம்பாறைப் பூண்டு:
நான் இன்னும் விடல. குறிஞ்சி 2,000-க்கு மட்டும்தான் கணக்குப் போட்டுச்சு. பாட் அளவுக்கே, 2,950 அடிங்க. இப்போ 50 சதவீதம் மடங்கணும். ஆனா கிங்-8, கிங்-6, கிங்-5 அந்த விலைக்கு நிக்காது. 36-ஓட 9 சேர்த்தா 45, 84-ல 53.6 சதவீதம். சராசரி 211. செக்கோட 140-ஐத் தாண்டிடுச்சு, அதுவும் ஹார்ட்டின் கையோடயே. தப்பு கையில இல்ல, தொகையில.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. 2,950 அடிக்கிற இடத்துல ரெண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப்தான் தாங்கும். தவறின டிரா எல்லாத்தையும் அடிச்சா, மூணாவது வாரம் வெறும் 9-ல ஜோடி சேர்ந்த கையே கால் பண்ணும். அதனால ஸ்பேடு ஜாக்-பத்தை முதல்ல அடிங்க, இடம் மிச்சமிருந்தா ஹார்ட்டின்.

கோத்தகிரிக் குறிஞ்சி:
கிங் மடங்கும்னு எதை வச்சு சொல்றீங்கண்ணா? இலவச சிப்ஸ்ல தோத்தா இன்னொரு 10,000 வந்துடுது. கிங் பிடிச்சவர் மேல் ஜோடியை மடக்குறதுக்கு அங்க ஒரு காரணமும் இல்ல. உங்க 9 காம்போ கால் பண்ணினா அதே 42.9-தான், ஆனா தேவை 50. சராசரி 421 சிப்ஸ் நட்டம்.

கேத்திக் கேரட்:
நம்ம மேசையில சிப்ஸ் தீர்ந்தா அன்னிக்கு அவ்வளவுதான், மறுபடி தர மாட்டோம். புள்ளியும் போயிடும்.

கோத்தகிரிக் குறிஞ்சி:
அப்படின்னா கொஞ்சம் மடங்கும், சரி. இருந்தாலும் ஆளைப் பார்க்கணும். கை முடிஞ்சதும் பழைய கைகள் பக்கத்துல போய், அதே எதிராளி ரிவர்ல பாட் அளவு பெட்டை கால் பண்ணிக் காட்டின சீட்டை மட்டும் பாருங்க. மடக்கின கை அதுல தெரியாது. அங்க கிங்-5, கிங்-6 மாதிரி ஒரு கை இருந்தா ஹார்ட்டினை செக் பண்ணிடுங்க. காட்டினதெல்லாம் கிங்-குயினும் ரெண்டு ஜோடியுமா இருந்தா, அண்ணன் சொன்ன 2,950-ஐ நானும் அடிப்பேன்.

பூம்பாறைப் பூண்டு:
சரி, கேரட்டு, அந்த ஆளோட பழைய கைகளை எடுத்து இங்கயே போடுங்க. கிங்-5 இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம்.