நம்ம வீட்டு குரூப்: பாலம் வந்தா யார் எந்த வழி?

அண்ணன்: புதுப் பாலத்தோட வரைபடம் வந்துருச்சு. படம் போட்டிருக்கேன், பாருங்க. பழைய பாலம் வரைக்கும் சுத்த வேண்டாம், நேரா அக்கரை. ஆபீஸ் போற நேரம் பாதியாயிடும்.

அக்கா: பஸ் அதுல வருமா?

அண்ணன்: போக ரெண்டு லேன், வர ரெண்டு லேன். பஸ் பத்தி ஒண்ணும் போடல.

சித்தப்பா: பாலத்தை விடு, அது இறங்குற முனையைப் பாரு. அக்கரையில ஒரு சிக்னல் இருக்கு. ஒரு லேன்ல பச்சை விடாம எரிஞ்சா மணிக்கு சுமார் 1800 கார் போகும். பாதி நேரம்தான் பச்சைன்னா 900. பாலம் எவ்வளவு அகலமா இருந்தாலும் அந்த சிக்னல் விடுற அளவுக்குத்தான் வண்டி நகரும்.

அண்ணன்: அப்ப காலையில பாலத்து மேலயே வரிசை நிக்குமா?

சித்தப்பா: நிக்கும். உன்னை மாதிரி எல்லாரும் அதைத்தானே பிடிப்பாங்க. கொஞ்ச நாள்ல சில பேர் பழைய பாலத்துக்கே திரும்புவாங்க. 1952லயே வார்ட்ராப்ங்கிற பிரிட்டிஷ் போக்குவரத்து ஆய்வாளர் இதை எழுதிட்டார்: வழி மாத்தினா யாருக்கும் நேரம் மிச்சமாகாதுங்கிற நிலை வர்ற வரைக்கும் ஜனங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. கடைசியில ஆள் போற எல்லா வழிக்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

நான்: புது வழியாலயே எல்லாருக்கும் நேரம் கூடவும் வாய்ப்பிருக்கு சித்தப்பா. 1968ல பிரேஸ்ங்கிற ஜெர்மன் கணித அறிஞர் காட்டினது. வகுப்புல போட்ட கணக்கு: 4000 கார், ரெண்டு வழி. ஒவ்வொரு வழியிலயும் ஒரு அகல ரோடு, எப்பவும் 45 நிமிஷம். ஒரு குறுகல் ரோடு, அதுல வர்ற ஒவ்வொரு 100 காருக்கும் ஒரு நிமிஷம் கூடும். ஒரு வழியில குறுகல் முதல்ல, இன்னொண்ணுல கடைசியில. பாதிப் பாதியா பிரிஞ்சா 20 + 45, ஆக 65 நிமிஷம். இப்ப நடுவுல ஒரு பாலம் போட்டு, அதைக் கடக்க நேரமே ஆகாதுன்னு வச்சுக்கோங்க. எல்லாரும் ரெண்டு குறுகல் ரோட்டையும் பிடிப்பாங்க. 40 + 40, 80 நிமிஷம்!

அண்ணன்: பழையபடி போக வேண்டியதுதானே?

நான்: தனியா ஒருத்தர் மட்டும் மாறினா அவருக்கு 40 + 45, 85 ஆகும். அதனால யாரும் மாற மாட்டாங்க.

சித்தப்பா: கணக்கு சரி. நம்ம பாலத்துக்கு அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இணைப்பு ரோடு குறுகலா இருந்தா அந்தப் பக்கம்தான் சாயும்.

அத்தை: அண்ணே, அந்த முனைக்குப் பின்னாடிதான் எங்க தெரு. சிக்னல்ல வரிசை நின்னா மேப் ஆப் எல்லாரையும் எங்க தெரு வழியா அனுப்பும். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரமும் அதேதான். நடைபாதை கூட இல்லை.

சித்தப்பா: நியாயம்மா. முதல் கேள்வியா அதையே வைப்போம்.

மாமா: எனக்கு பாலம் கட்டாயம் வேணும். ஆஸ்பத்திரி அக்கரையில. பழைய பாலத்துல ஒரு லாரி நின்னா ஆம்புலன்ஸும் நிக்குது. ரெண்டாவது வழி இருக்கணும்.

சித்தப்பா: அதுல சந்தேகமே இல்லை மாப்ளே. அமெரிக்காவுல மினியாபோலிஸ் ஊர்ல 2007ல ஒரு பெரிய பாலம் இடிஞ்சு 13 பேர் இறந்துட்டாங்க. தினம் 1,40,000 வண்டி போன பாலம். ஆத்துக்கு வேற பாலங்களும் இருந்ததால ஊர் முடங்கல. புதுப் பாலம் 2008 செப்டம்பர்ல வர்ற வரைக்கும் ஜனங்க வழியையும் கிளம்புற நேரத்தையும் மாத்திக்கிட்டாங்க. பாலம் திறக்கும்போதும் இதேதான், தலைகீழா. இப்ப கூட்டத்துக்குப் பயந்து சீக்கிரம் கிளம்புறவங்களும் அப்ப எல்லாரையும் போல நெரிசல் நேரத்துல, எட்டரைக்குக் கிளம்புவாங்க.

அக்கா: பஸ்ல வர்றவங்களும் காருக்கு மாறுவாங்க. ஆள் குறைஞ்சா பஸ்ஸைக் குறைப்பாங்க, அப்புறம் என்னை மாதிரி கார் இல்லாதவங்க என்ன பண்றது? பஸ்ஸுக்குத் தனி லேன் கேளுங்க சித்தப்பா.

அண்ணன்: நான் கார்ல போறவன், இருந்தாலும் அதுக்குச் சம்மதம். அந்த பஸ் நேரத்துக்கு வந்தா நானே ஏறுவேன்.

சித்தப்பா: கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எழுதுறேன். காலை நெரிசல்ல அக்கரை சிக்னல் எத்தனை வண்டி விடும், அந்தக் கணக்கைக் காட்டுங்க. பின்தெருவுல வேகத்தடையும் நடைபாதையும் பாலம் திறக்கிறதுக்கு முன்னாடியே வேணும். பஸ்ஸுக்குத் தனி லேன். ஆம்புலன்ஸ் ஒதுங்கிப் போக இடம். விட்டது ஏதாவது இருக்கா?

அத்தை: திறந்து ஆறு மாசம் கழிச்சு எங்க தெருவுல வண்டி எண்ணணும். இப்பவும் ஒரு தடவை எண்ணி வைக்கச் சொல்லுங்க அண்ணே, இல்லேன்னா கூடிருச்சுன்னு எதை வச்சுச் சொல்றது?

சித்தப்பா: சேர்த்துட்டேன்மா. கூட்டத்துக்கு நீயும் வா, தெருக்காரங்களையும் கூட்டிட்டு வா.