பட்டதைச் சொல்லுங்க: நூறு நாள் வேலை, ரேஷன், வீடு, பட்டா (மதுரைப் பக்கம்)

உசிலம்பட்டி ரோடு:

எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. வேலைக்கு வந்தவங்க பேரை எழுதுற வருகைப் பதிவேடுதான் மஸ்டர். வந்தவங்களை செயலியில போட்டோ எடுத்து ஏத்துவாங்க, வெட்டுன மண்ணை அளந்து கூலி போடுவாங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

2024-25க்கு அறிவிச்ச கூலி 319 ரூபா. அம்மா கணக்குல ஏறுனது 230, 240. கேட்டா "அளவு வரலைம்மா, குழி சின்னதா வெட்டிருக்கீக"ன்னு பதில். ஆனா எங்கம்மா வெட்டுற குழியை நான் பார்த்திருக்கேன். விஷயம் என்னன்னா, வெட்டுன மண்ணை மொத்தமா அளந்து மஸ்டர்ல இருக்க பேருக்குப் பங்கு வைக்கிறாங்க. வேலைக்கே வராத பத்துப் பேரை மஸ்டர்ல சேர்த்தா, அந்தப் பத்துப் பங்கும் மண்வெட்டி பிடிச்சவங்க கூலியில இருந்து போகுது. கள்ள மஸ்டர்னா சர்க்கார் பணம் போகுதுன்னுதான் நாம நினைக்கிறோம். போறது பக்கத்துல நின்னு மண்ணு சுமக்கிற பொம்பளையோட பணம்.

ஊருக்குப் போயிருந்தப்ப வெப்சைட்ல எங்க ஊராட்சி மஸ்டரைத் தேடி எடுத்தேன். யார் வேணாலும் பார்க்கலாம், பாஸ்வேர்டு ஒண்ணும் கிடையாது. ஒரே நாள்ல ரெண்டு வேலை காட்டியிருக்கு. ஒண்ணு கண்மாய் வரத்துக்கால் தூர்வாருறது, இன்னொண்ணு ரோட்டோரம் மரக்கன்னு. ரெண்டுக்கும் ஒரே போட்டோ. அம்மா முன் வரிசையில தலையில துண்டோட, இடது கையில தூக்குவாளி. பின்னாடி ஒரு அக்கா கண்ணை மூடியிருக்காங்க. அங்கிட்டும் அதே தூக்குவாளி, அதே மூடுன கண்ணு. மரக்கன்னு மஸ்டர்ல இருந்த பேர்ல பாதி திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காக.

அந்த அக்டோபர் 2 கிராம சபையில அம்மாதான் எந்திரிச்சாங்க. போனை நீட்டி, "இந்த ரெண்டாவது எடத்துல நான் எப்பய்யா நின்னேன்?"னு கேட்டாங்க. உடனே மைக்கை அணைச்சுட்டாங்க. அப்ப பின்னாடி இருந்து எங்க பெரியம்மா வந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க. மேசையில இருந்த தீர்மானப் புத்தகத்து மேல கையை விரிச்சு வச்சு, "அவ கேட்டதை இதுல எழுது. எழுதி வாசிச்சுக் காட்டு. பெறகு ரேகை வைக்கிறோம்"னாங்க. மண்ணு ஏறி நகம் கருத்துப்போன கை, புத்தகத்தை விட்டு நகரவே இல்ல. வருகைத் தாள்ல வந்த உடனேயே எல்லார்கிட்டயும் ரேகை வாங்கிட்டாங்கன்னு அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது.

கேட்டதை எழுதல. அடுத்த மஸ்டர்ல அம்மா பேரும் இல்ல, பெரியம்மா பேரும் இல்ல. "அடுத்ததுல பாப்போம்"னு சொல்லிச் சொல்லியே பொங்கல் வந்துருச்சு.

உங்க ஊர்ல கேள்வி கேட்டவங்களுக்கு என்ன ஆச்சு? எழுதுங்க.

வைகை வடகரை:

எங்க ஏரியா ரேஷன் கடை. கியூவுல நிக்கிறேன், கைரேகை வச்சாச்சு, போன்ல எஸ்எம்எஸ் வந்துருச்சு: பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் வாங்கியாச்சாம். கையில அரிசிப்பை மட்டும்தான். "பாமாயில் ஸ்டாக் வரலக்கா"ன்னு சொல்றார். போனைக் காட்டுனதும் உள்ள போய் ஒரு பாக்கெட் எடுத்துட்டு வந்து, மத்தவங்களுக்குத் தெரியாம என் பையில போட்டார். 25 ரூபா எண்ணெய். வெளியில வாங்குனா என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பின்னாடி நின்ன பாட்டிகிட்ட போனே கிடையாது. அவங்க கார்டுல யாரோ பக்கத்து வீட்டு நம்பர் இருக்கு. "எண்ணெய் வரலயாம் தாயி"ன்னு சொல்லிட்டு வெறும் அரிசியோட நடந்து போனாங்க. எனக்குக் கிடைச்ச பாக்கெட்டை அவங்க பையில மாத்தி வச்சேன். அவங்க பேருக்குப் பல மாசமா பில் போட்ட எண்ணெய் எங்க போச்சுன்னு கேட்க யாரும் இல்ல.

மலர்விழி:

எங்க மதினிக்குப் பிரதமர் வீட்டுத் திட்டத்துல வீடு வந்துச்சு. அண்ணன் தவறிட்டார், ரெண்டு பிள்ளைக. தவணை எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும்: அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற மட்டம்), கூரைன்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆபீஸ்காரக வந்து போட்டோ எடுத்து ஏத்துனாத்தான் அடுத்த பணம். கட்டணும்னா இருந்த கூரை வீட்டைப் பிரிக்கணும். பிரிச்சுட்டு தார்ப்பாய்க்குள்ள இருந்தாக.

லிண்டல் மட்டம் வந்துருச்சு. ஓவர்சியர் வர்றார்னு தகவல் வந்ததும் மதினி பிள்ளைகளுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, சுவத்து முன்னாடி நிறுத்திருச்சு. அவர் வந்தார். போனை எடுத்து கேமராவைத் திறந்தார். பிள்ளைக விறைப்பா நிக்குதுக. அப்பிடியே மதினி பக்கம் திரும்பி, "ஏம்மா, சொன்னது என்னாச்சு?"ன்னார். நாளைக்குத் தர்றேன் சார்னு சொல்லுச்சு. போனை மூடி சட்டைப்பையில போட்டுக்கிட்டு வண்டியை எடுத்துட்டார். சின்னவ, "அத்தே, எடுத்துட்டாகளா?"ன்னு என்கிட்ட கேட்டா.

அந்த மழைக்காலம் பூரா தார்ப்பாய்தான். கடைசியில தோட்டை அடகு வச்சு, பத்தாததுக்கு வார வட்டிக்கு வாங்கிக் கொடுத்துச்சு. வாங்குன அன்னைக்கே போட்டோ ஏறிருச்சு. வீடு வந்த கதை இதுதான். வட்டி இன்னும் ஓடுது. மேல பூச்சு பூசல, கதவுக்குச் சாக்குதான் தொங்குது. ஊர்ல கேட்டா "அவளுக்கென்ன, கவர்மெண்டு வீடு கொடுத்துருச்சு"ம்பாக.

ஓய்வூதியர் கே.கே.நகர்:

என் தம்பி இறந்தபோது அவன் மனைவிக்கு வாரிசுச் சான்று வாங்க அலைந்தேன். 'கவனிக்க' சொன்னார்கள். தகவல் உரிமை மனு போட்டேன். மனுவுக்குப் பதில் வரும் முன்பே சான்று வந்துவிட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

மலர்விழி அம்மாவின் பதிவைப் படித்து வருத்தப்பட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லிவிட்டால் கொடுத்தவர் மேல் குற்றமே இல்லை. அவர்கள் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, ரசாயனப் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைக் கரைசலில் கழுவினால் இளஞ்சிவப்பாக மாறும். தினமும் பேப்பரில் வருகிறதே, அது இப்படித்தான்.

உசிலம்பட்டி ரோடு தம்பிக்கு: வேலை வேண்டும் என்று வாயால் கேட்கக் கூடாது. எழுத்தில் மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ரசீது தர மறுத்தால் தபாலில் பதிவு செய்து ஒப்புகையோடு அனுப்புங்கள், அந்த ஒப்புகைதான் ரசீது. அடுத்து தகவல் மனு. வெள்ளைத்தாள் போதும், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் வேண்டாம். "ஏன் கூலி குறைந்தது" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதி மஸ்டர் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், கிராம சபைத் தீர்மான நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அவர் சம்பளத்திலிருந்து போகும். அலுவலகத்துக்கே போய் ஆவணத்தைப் பார்வையிடவும் உரிமை உண்டு, போகும்போது எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரை அழைத்துப் போங்கள்.

மலர்விழி:

ஐயா, உங்க வயசுக்கு மரியாதை கொடுத்தே சொல்றேன். எங்க மதினிக்கு இன்னும் கூரைத் தவணை பாக்கி இருந்துச்சு. இவரைப் பிடிச்சுக் கொடுத்தா அடுத்து வர்றவர் அதே ஆபீஸ்ல இருந்துதான் வருவார். வழக்கு கோர்ட்டுல வருசக்கணக்கா நடக்கும். அதுக்கு ஒரு கூலிக்காரி வேலையை விட்டுட்டு சாட்சி சொல்ல வந்து நிக்கணும். உங்களுக்குச் சான்று லேட்டானா பேங்க் கணக்குதான் தாமதம். இங்க பிள்ளைக மழையில கிடந்துச்சுக. 7 நாள்னு சட்டம் சொல்லுது, அந்த 7 நாளும் அவ தலைக்கு மேல என்ன இருந்துச்சுன்னு பாருங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கும் போனோம். 2017ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல அந்தக் குடும்பம் கந்துவட்டிக் கொடுமையில தீ வச்சுக்கிட்ட பிறகு, உள்ள போறவங்க பையை எல்லாம் சோதிக்கிறாங்க. பிள்ளைக்கு வச்சிருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாங்க. கொடுத்த மனு சுத்திச் சுத்தி எந்த ஆபீஸ் மேல புகார் சொன்னோமோ அங்கயே விசாரணைக்கு வந்துச்சு. "எம்மேலயே மனுவா?"ன்னு அந்த ஓவர்சியரே போன்ல கேட்டார்.

மேலூர்க் கண்மாய்க்கரை:

ஓய்வூதியர் ஐயா சொல்றதும் சரி, அந்தத் தங்கச்சி சொல்றதும் சரி. ஆனா தனியாள் மனு போட்டா தனியாளைத்தான் அடிப்பாங்க. நாங்க பட்டது பெருசு.

கிரானைட். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் மலையை வெட்டுனது ஊருக்கே தெரியும். 2012ல மதுரை கலெக்டரா இருந்த சகாயம், அரசுக்கு நஷ்டம் 16,000 கோடிக்கு மேலன்னு அறிக்கை கொடுத்தார். 2014ல ஹைகோர்ட்டு அவரையே சட்ட ஆணையரா போட்டு விசாரிக்கச் சொன்னுச்சு. குவாரிக்காக நரபலி கொடுத்தாங்கன்னு வந்த புகார்ல தோண்டுன இடத்தைக் காக்க அவர் சுடுகாட்டுல படுத்ததை எல்லாரும் பேசுவாங்க. எனக்கு மனசுல நிக்கிறது வேற.

விசாரணையில எங்கப்பா பட்டாவோட போனார். அப்பறம் அளக்க வந்தாக. சர்வேயர் வரைபடத்தை விரிச்சு, "உங்க கெணறு எது பெரியவரே?"ன்னார். அப்பா ஒரு கல்லுக் குமி மேல கையைக் காட்டுனார். லாரி உசரத்துக்குக் கழிவுக்கல்லு. "இதுக்கடியிலய்யா. பன்னெண்டு பாகம் ஆழம், வத்தாத கெணறு." சர்வேயர் வரைபடத்தைப் பார்க்கிறார், குமியைப் பார்க்கிறார். வரைபடத்துல கெணறு வட்டமா இருக்கு, பக்கத்துல ஓடை கோடு போட்டிருக்கு. தரையில ரெண்டும் இல்ல. எங்களுக்குக் கீழ இருந்த கண்மாய்க்கு அந்த ஓடையிலதான் தண்ணி போகும். ஓடை அடைஞ்சதும் கண்மாய் காஞ்சு, நிலமே இல்லாத நடவுக்காரப் பொம்பளைகளுக்கு வேலை போச்சு. அவங்க பேர்ல பட்டா கிடையாது, அதனால எந்தக் கணக்குலயும் அவங்க நஷ்டம் வரல. கோடிக் கணக்கு சொல்றவங்க இதையும் சொல்லணும்.

அறிக்கை 2015 நவம்பர்ல கோர்ட்டுக்குப் போயிருச்சு. கெணறு இன்னும் கல்லுக்கடியிலதான் கிடக்கு.

அதே மேலூர்லதான் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்துச்சு. அது லஞ்ச விவகாரம் இல்ல, ஊரைக் கேட்காம ஊரை ஏலம் விட்டது. இந்தத் தடவை அரிட்டாபட்டியும் சுத்துப்பட்டு ஊர்களும் கிராம சபையில தீர்மானம் போட்டோம். 2025 ஜனவரி 7 மதுரைக்கு நடந்தே போனோம். ஜனவரி 23 ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. தீர்மானப் புத்தகம்னா என்னன்னு உசிலம்பட்டித் தம்பியோட பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் கையை எடுக்கச் சொல்லாதீங்க. இன்னும் ஐம்பது கை கூட வைங்க.

உசிலம்பட்டி ரோடு:

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்லிடுறேன். அம்மாவும் பெரியம்மாவும் தனியாப் போகல, பதினோரு பேர் சேர்ந்து எழுத்துல வேலை கேட்டாங்க, பதிவுத் தபால்ல. பேர் திரும்ப மஸ்டர்ல ஏறிருச்சு. அளவுப் புத்தக நகல் கேட்டு மனு போட்டிருக்கோம், முதல் பதில் "விவரம் தொகுக்கப்படுகிறது". மேல்முறையீடு போயிருக்கு.

இன்னொரு சிக்கல் இருக்கு. எங்க மாவட்டத்துல 2019 டிசம்பர் தேர்தல்ல வந்த தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு, அரசு போட்ட தனி அலுவலர் கையில ஊராட்சி போயிருச்சு. தலைவர்னா வீட்டு வாசல்ல போய் நிக்கலாம், அடுத்த ஓட்டுக்கு வருவார்ல. பட்டியல் சாதிக்கு ஒதுக்குன தலைவர் பதவியில பத்து வருசம் யாரையும் உட்காரவிடாம வச்சிருந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊருங்க. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லைன்னா ஏழை சாதிசனம் யார்கிட்ட போய் நிக்கும்னு எங்க ஊருப் பெரியவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தேர்தலைச் சீக்கிரம் வைக்கணும்னும் தீர்மானம் எழுதச் சொல்லப் போறோம்.

புதுசு வாடிப்பட்டி:

இதையெல்லாம் படிச்சுட்டு எங்க ஊர் மஸ்டரையும் பார்த்தேன். எங்களுக்கும் ஒரே போட்டோதான் ரெண்டு வேலைக்கு. மனுவைத் தனி அலுவலர் பேருக்கு எழுதணுமா, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) பேருக்கா?

ஓய்வூதியர் கே.கே.நகர்:

பெரும்பாலும் இரண்டும் ஒருவரேதான். அவர் பெயருக்கு எழுதி, நகலை ஆட்சியருக்கும் மாவட்ட வேலை உறுதித் திட்டக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்புங்கள். முதலில் அந்தப் போட்டோப் பக்கங்களைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிட வாய்ப்புண்டு. மலர்விழி அம்மா சொன்னதை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். உங்கள் மதினியின் அடகு ரசீதும் வட்டிக் கணக்கும் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். திட்ட வேலைகளைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக் குழு ஊருக்கு வரும்போது, அந்த ஊரில் வீடு கட்டிய மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு போய்ச் சொல்லலாம். தனியாக வேண்டாம்.