பாம்பன் வீடு: மாடிக்கு நெட் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: ஃபைபர் ரூட்டர் கீழே. மாடியில் ஒரு டெஸ்க்டாப், இரண்டு லேப்டாப். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை ஏறவில்லை. வெளிச்சுவர் வழியாக 25 மீட்டர் கேபிள் இழுக்கலாமா?

பதில் 1: தாராளமா. 100 மீட்டர் வரை தாங்கும். கேட்6 (நெட்வொர்க் கேபிள் வகை), முழுச் செம்பு, வெயில் தாங்குற கறுப்பு உறை வாங்குங்க. செம்பு பூசின அலுமினியம் மலிவுதான். உப்புக்காத்துல முனை அரிச்சுடும். வெளியில ஜாயிண்ட் கூடவே கூடாது. சுவர்ல நுழையுமுன்ன கேபிளைக் கீழ வளைச்சு ஏத்துங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.

பதில் 2: மாடிக்குப் பழைய ரூட்டரே போதும். அதோட ஐபியை (நெட்வொர்க் முகவரி) 192.168.1.2னு மாத்தி (கீழே இருக்கறது 192.168.1.1னா), டிஹெச்சிபியை (மத்த கருவிகளுக்குத் தானா ஐபி கொடுக்கிற வசதி) அணைச்சிடுங்க. கீழேருந்து வர்ற கேபிள் லேன் (வீட்டு நெட்வொர்க்) போர்ட்டுல, வான் (வெளி இன்டர்நெட்) போர்ட்டுல இல்ல. டெஸ்க்டாப்புக்கு இன்னொரு லேன் போர்ட்.

கேட்டவர்: இழுத்தாச்சு அண்ணே. ஆனால் லிங்க் 100 எம்பிபிஎஸ்தான்.

பதில் 1: பழைய ரூட்டர் போர்ட்டே 100ஆ இருக்கும், பாருங்க. அது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்னா, கேபிளோட எட்டுக் கம்பியில ஏதோ ஒண்ணு தொடல. ரெண்டு முனையையும் வெட்டிப் புது பிளக்கை கிரிம்ப் பண்ணுங்க (அழுத்திப் பொருத்துங்க).