20 மணி நேரமே ஓடிய எஞ்சின் ஆயிலில் ஆக்சிஜனேற்றம் 31: பிழை எண்ணெயிலா, எஃப்டிஐஆர் அளவீட்டிலா?

கேள்வி (ஜென்செட் பராமரிப்பு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையின் டீசல் ஜெனரேட்டர்களில் ஓடும் எஞ்சின் ஆயிலை இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆய்வகத்திலேயே எஃப்டிஐஆர் கருவியில் (அகச்சிவப்பு ஒளியை எண்ணெய் எந்தெந்த அலைஎண்ணில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமாலையாகக் காட்டும் கருவி) சோதித்து வருகிறோம். 0.1 மி.மீ. செல்லில் எண்ணெயை நிரப்பி, டிஐஎன் 51453 என்னும் ஜெர்மன் தரமுறைப்படி 1710 செ.மீ⁻¹ அலைஎண்ணில் உட்கவர்ச்சியின் (ஒளி உறிஞ்சப்படும் அளவின்) உயரத்தை ஆக்சிஜனேற்றத்தின் அளவாகக் குறித்துக்கொள்வது வழக்கம். இதுவரை பயன்படுத்திய 15டபிள்யூ-40 மினரல் ஆயிலில் 250 மணி நேரம் கழிந்த பிறகும் அந்த அளவு 14 ஏ/செ.மீ.யை (ஒரு செ.மீ. தடிப்புக்கான உட்கவர்ச்சி) தாண்டியதில்லை. சென்ற மாதம் ஒரு சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினோம். 20 மணி நேரம் ஓடியதும் எடுத்த மாதிரியில் 31 வந்துவிட்டது. பாகுத்தன்மையும் அமில எண்ணும் அப்படியே இருக்கின்றன. ஆயிலை உடனே வடித்துவிடுமாறு மேலாளர் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி (நிறமாலைக்காரர்)

வடிக்க வேண்டாம். முதலில் எண்ணை விட்டுவிட்டு நிறமாலையைத் திரையில் விரித்துப் பாருங்கள்.

மினரல் ஆயில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தது என்பதால், புதிதாக இருக்கும்போது 1700-ஐ ஒட்டிய பகுதி ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். வெப்பத்திலும் காற்றிலும் அது முதலில் ஹைட்ரோபெராக்சைடாகி, பின்னர் ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம் என்று பிரியும்போது, இவை எல்லாவற்றிலும் உள்ள கார்பனைல் தொகுதி (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தது) அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. பலவகைச் சேர்மங்கள் சிறு சிறு வேறுபாட்டுடன் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அங்கே எழுவது கூரான சிகரமாக இராது. அகன்ற மேடாகவே இருக்கும். இ2412 என்னும் ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) நடைமுறை 1800 முதல் 1670 வரையுள்ள பரப்பை மொத்தமாக எடுத்துக்கொள்வதும் இதனால்தான்.

சிந்தெடிக் ஆயில்கள் சிலவற்றில் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் சேர்மம்) சேர்க்கப்பட்டிருக்கும். எஸ்டரிலும் கார்பனைல் உண்டு. 1740-ஐ ஒட்டிக் குறுகிய, உயரமான சிகரமாக அது நிற்கும். அதன் சரிவு 1710 வரை இறங்கி வருவதால், கருவி அதையும் ஆக்சிஜனேற்றமாகவே எண்ணிக்கொள்ளும். ஓடியதால் வந்த மாற்றம் மட்டும் தெரிய, மாதிரியிலிருந்து புது ஆயிலின் நிறமாலையைக் கழிப்பது வழக்கம்; உங்கள் மென்பொருள் எந்தப் புது ஆயிலின் நிறமாலையைக் கழிக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி (ஆய்வக உதவியாளர்)

எரிபொருளில் பயோடீசல் (அதுவும் எஸ்டர்தான்) கலந்திருந்து அது ஆயிலில் இறங்கினாலும் ஏறத்தாழ 1745-இல் இதே சிகரம் தோன்றும். ஆனால் அப்போது பாகுத்தன்மை குறைந்திருக்க வேண்டும். செல்லின் தடிப்பையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். காலிச் செல்லை ஓட்டினால் நிறமாலையில் அலையலையாக வரிகள் விழும், 1000 செ.மீ⁻¹ இடைவெளியில் 20 அலைகள் இருந்தால் தடிப்பு 0.1 மி.மீ., 24 இருந்தால் 0.12. எங்களிடம் கேஸ்கெட் சரியாக அமராமல் எல்லா அளவுகளும் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்து வந்தது இப்படித்தான் தெரிய வந்தது.

கேள்வி கேட்டவர்

வரிகள் 20, செல் சரி. டீசலில் பயோடீசல் கலப்பு இல்லை. தவறு எங்களுடையதுதான்: கழிப்பதற்கு வைத்திருந்தது பழைய மினரல் ஆயிலின் கோப்பு. புது ஆயிலின் சீல் உடைக்காத கேனிலிருந்து எடுத்த மாதிரியை அதே கோப்புடன் ஓட்டியபோது 34 வந்தது. 1740-இல் ஊசி போன்ற சிகரம் நிற்கிறது. ஓடிய ஆயில் 31, ஓடாத ஆயில் 34. இப்போது புது ஆயிலையே கழித்தால் விடை மைனஸ் 3 என்று வருகிறது. இதை எப்படிப் பதிவேட்டில் எழுதுவது?

மறுமொழி (நிறமாலைக்காரர்)

அந்த மைனஸ் 3 உங்கள் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) தங்கிவிட்ட பழைய ஆயில்தான். எவ்வளவு வடித்தாலும் வடிகட்டியிலும் குழாய்களிலும் சிறிது நின்றுவிடும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எஸ்டர் இல்லாத ஆயில் கலந்தால் சிகரம் அந்த அளவுக்குத் தாழ்வது இயல்பே. எனவே மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு எஞ்சினிலிருந்தே எடுக்கும் மாதிரியைத் தொடக்கப் புள்ளியாக வைப்பதே நல்லது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டபடியால் இந்த 20 மணி மாதிரியையே பூஜ்யமாகக் கொள்ளுங்கள்.

ஆயினும் ஒன்றில் எச்சரிக்கை தேவை. இரண்டு பெரிய சிகரங்களைக் கழித்து ஒரு சிறிய மேட்டைத் தேடும்போது நம்பகம் குறைகிறது. ஈரம் பட்டு எஸ்டர் நீராற்பகுப்படைந்தால் (நீரால் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிந்தால்) 1740 தாழ்ந்து, 1710-இல் எழும் அமிலத்தை மறைத்தும் விடலாம். இந்த ஆயிலுக்கு 1630-இல் நைட்ரேற்றம், 1150-இல் சல்பேட்டு, 980-ஐ ஒட்டி ஜிங்க் சேர்க்கையின் (தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் கலக்கும் பொருளின்) குறைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அமில எண்ணை ஒவ்வொரு மாதிரியிலும் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. 20 மணி மாதிரியைப் பூஜ்யக் கோப்பாகச் சேமித்துவிட்டோம். கோப்பின் பெயரிலேயே ஆயிலின் பெயரையும் கேன் தொகுதி எண்ணையும் சேர்த்திருக்கிறோம். இரண்டு நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு மேலாளரிடம் காட்டியதில், ஆயிலை வடிக்கும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதிரி 100 மணியில்.